சம்பந்திக்குப் போட்ட நாற்காலி

மைசூரு
12 ஜனவரி 2025

மாப்பிள்ளை சித்தையனுக்கு, மச்சான் சென்னப்பன் சொல்லி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஏது கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வினிதா. நம் மைதானத்தில் கிளைடர் ஓட்டுகிற பெண்தான். அவள் அம்மா கொள்ளேகால், அதனால் தமிழ் எழுத வருகிறது. நடுநடுவே சிரிக்கிறாள். அதையெல்லாம் எழுதாதே என்றிருக்கிறேன்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. மாதேஸ்வரன் மலையில் சூடம் அணைத்து, 'இனி அந்த மச்சானோட ஒரு வார்த்தை பேசினா நான் சித்தையனே இல்லை' என்று சத்தியம் பண்ணியதாகத் தங்கச்சி நாச்சம்மாள் சொன்னாள். சாமி காரியத்தில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்தேன் மாப்பிள்ளை. சத்தியம் வாய்க்குத்தான். கண்ணுக்கு இல்லை. கடிதம் படித்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

சேதி இதுதான். மைதானம் மறுபடி திறக்கப் போகிறது. பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் கிளைடரை ஒழுங்காக ஏற்றி இறக்கிக் காட்டினால் அனுமதி. இல்லையென்றால் நிலத்துக்காரர் மனை போட்டு விற்கத் தயாராக நிற்கிறார், கல் நட ஆளும் சொல்லிவிட்டாராம். எல்லாம் இருக்கிறது. கிளைடரை இழுத்து ஏற்றுகிற விஞ்சு ஓட்ட ஆள்தான் இல்லை. நீங்கள் போனபின் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்தான். ஒரு கையில் விஞ்சு, ஒரு கையில் செல்போன். நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அவன் இழுவையை நிறுத்தாமல், எதற்கு என்று கேட்டான். கேட்டுவிட்டு நிறுத்துகிறவனா விஞ்சு ஓட்டுவது? செந்தில்நாதன் சார் அன்றைக்கே விஞ்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். 'தரையில ஒழுங்கு இல்லாம வானத்துல யாரும் போக வேண்டாம்' என்றார். ஏர்ஃபோர்ஸில் இருந்தவர், தரைக்குப் பொறுப்பு அவர்தான், சொன்னால் சொன்னதுதான்.

உங்களைத் தவிர வேறு யார் கையையும் அவர் நம்பத் தயாராக இல்லை. நானும் இல்லை.

நமக்குள் என்ன சண்டை என்று வினிதா கேட்கிறாள். அன்றைக்கு அவள் லீவு. அவளுக்குச் சொல்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகள் காவேரியைக் கட்டிக் கொடுத்தபின் சம்பந்தி செல்லக்கண்ணு முதன்முதலாக உங்கள் வேலையைப் பார்க்க வந்தார். மைதானத்தின் இந்தக் கோடியில் கிளைடரும் நானும். அந்தக் கோடியில் விஞ்சும் நீங்களும். நடுவில் புல்லோடு புல்லாகக் கேபிள். கிளைடருக்கு என்ஜின் கிடையாது, விஞ்சு கேபிளைச் சுருட்டி இழுக்க இழுக்கத்தான் காற்றாடி மாதிரி மேலே ஏறும். சம்பந்தியைத் தூரத்தில் உட்கார வைத்தால் மரியாதைக் குறைவு என்று நீங்கள் விஞ்சுக்குப் பக்கத்திலேயே, வேப்பமரத்து நிழலில், கேபிள் ஓடுகிற ஓரமாக நாற்காலி போட்டீர்கள். நான் இங்கிருந்து பார்த்தேன். ஆள் தெரியவில்லை, கருப்புக் குடை தெரிந்தது. கொடியைத் தூக்கினேன். நீங்கள் உடனே நிறுத்தினீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு டிராக்டரில் வந்தேன், அவரை எழுந்திருக்கச் சொன்னேன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவ்வளவுதான் சண்டை. இப்போது வினிதா சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை, அந்த இடத்தை நீங்கள் மறந்தீர்களா? முன்பு ஒரு கோடையில், பழைய கேபிள் நடுவில் அறுந்து சாட்டை மாதிரி சுழன்று வந்ததே. அதே வேப்பமரத்தடி. நீங்கள் வைத்திருந்த டிபன் கேரியர், நாச்சம்மாள் சீராகக் கொண்டுவந்தது, நடுவில் பிளந்து தயிர்ச்சோறு மரத்தில் ஒட்டியது. எறும்பு வந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டில் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்று சொன்னீர்கள். நானும் இன்றுவரை காட்டிக்கொடுக்கவில்லை. அந்த டிபன் கேரியர் இருந்த இடத்தில்தான் சம்பந்தியை உட்கார வைத்தீர்கள்.

வந்துவிடுங்கள்.

சென்னப்பன்


ராமாபுரம்
18 ஜனவரி 2025

மச்சான் அவர்களுக்கு,

தமிழ் எழுதிப் பல காலம் ஆகிவிட்டது. தப்பிருந்தால் அந்தப் பெண் திருத்திப் படிக்கட்டும்.

டிபன் கேரியர் விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் தபாலை முதலில் பிரிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் தங்கச்சி சத்தமாகப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். 'பஸ்ஸுல விழுந்துச்சா, பஸ்ஸுல' என்று பொங்கல் முடிந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதியே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். நல்லது.

நீங்கள் கொடியைத் தூக்கியது தப்பென்று நான் என்றைக்கும் சொல்லவில்லை. சிவப்பு ஏறினால் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'மாப்ள, நாற்காலியை நகர்த்துங்க' என்று காதில் சொல்லியிருக்கலாம். நானே அவரிடம் பதமாகப் பேசி நகர்த்தியிருப்பேன். நீங்கள் டிராக்டரை உறுமவிட்டு வந்தீர்கள். பெண்ணைக் கொடுத்த இடத்துப் பெரிய மனிதரை எழுப்பிவிட்டு, அவர் நின்றுகொண்டிருக்க, நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போனீர்கள். எல்லாரும் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்குத் தூக்கத்திலும் வருகிறது. என் மகள் அந்த வீட்டில் வாழ்கிறவள்.

நான் வருவதாக இல்லை. மேலே சாமி இருக்கிறது, கீழே சத்தியம் இருக்கிறது.

பெங்களூர்க்காரன் செல்போன் பார்த்துக்கொண்டா விஞ்சு ஓட்டினான்? கிளட்சைத் தேய்த்திருப்பானே.

சித்தையன்


மைசூரு
23 ஜனவரி 2025

மாப்பிள்ளைக்கு,

கிளட்சு தேய்ந்துவிட்டது. நீங்கள் கேட்டது சரி. புதுசு போட்டாயிற்று. கேட்ட அந்த ஒரு வரியை வினிதாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். வர மாட்டேன் என்கிறவன் கிளட்சைப் பற்றி எதற்குக் கேட்கிறான்?

இங்கே மைதானம் அமளி துமளியாக இருக்கிறது. புது கேபிள் வந்துவிட்டது. மாடு வராமல் வேலி அடைத்தாயிற்று. புல்லெல்லாம் வெட்டியாயிற்று. சாமுண்டி மலைப் பக்கமிருந்து காலையில் வீசுகிற காற்று, பத்து மணிக்கு மேல் சுருண்டு மேலே எழும்புகிறது. பருந்துகள் இறக்கையை ஆட்டாமலே ஏறுகின்றன. கிளைடர் கொட்டகைக்குள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு உட்கார முடியவில்லை மாப்பிள்ளை.

நாற்காலி விஷயம். தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். உங்கள் காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் முழு மைதானம். நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் மறுபடி இழுக்க ஆரம்பித்தால்? நாற்காலி அங்கேயே இருந்தால் இன்னொருவர் வந்து உட்காருவார். அதனால் எடுத்தேன். இன்னொரு தரம் போட்டாலும் எடுப்பேன். இதில் நான் இறங்கி வருவதற்கு ஒன்றுமில்லை, வினிதாகூட ஒரு மன்னிப்பு வார்த்தை சேர்க்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். பொய்யாக எழுதி உங்களை வரவழைத்தால், அந்தப் பொய் விஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். சம்பந்திக்குக் கொடுக்க மரியாதையான இடம் இல்லை என்பதால்தானே நீங்கள் அங்கே போட்டீர்கள்? சாரிடம் கேட்டு, என் பக்கத்தில், கிளைடருக்குப் பின்னால் தள்ளி, நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் கீற்றுப் பந்தல். அங்கிருந்து பார்த்தால் கிளைடர் தரையை விடுகிற அழகு முழுசாகத் தெரியும். விஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் புகைதான் தெரியும்.

சார் ஒரு வழக்கமும் கொண்டுவந்திருக்கிறார். பந்தலில் உட்கார்ந்திருக்கிறவரோ, டீ கொண்டுவருகிறவரோ, அதிகாரியோ, யாராக இருந்தாலும் ஏதாவது சரியில்லை என்று பட்டால் 'நிறுத்து' என்று கத்தலாம். கத்தினால் நான் கொடியைத் தூக்க வேண்டும், விஞ்சு நிற்க வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்கலாம். நிறுத்தினவருக்குத்தான் முதல் டீ.

சத்தியத்துக்கும் வழி பார்த்துவிட்டேன். வாக்கி டாக்கி சார் கையில் இருக்கும். என் குரல் உங்களுக்கு வராது. நான் கொடி மட்டும் காட்டுவேன். வெள்ளைக் கொடி தாழ ஆடினால் மெல்ல இழுங்கள், தலைக்கு மேல் ஆடினால் முழு இழுவை, சிவப்பு என்றால் நில். இதில் எங்கே பேச்சு?

சென்னப்பன்


ராமாபுரம்
30 ஜனவரி 2025

மச்சான் அவர்களுக்கு,

நேற்று கொள்ளேகால் போயிருந்தேன். காவேரிக்கு ஏழாம் மாதம் நெருங்குகிறது, மாசியில் அவர்கள் வீட்டில் வளைகாப்பு. அதைப் பேசப் போனேன். போகும்போதே பயம். மைதானத்துக்குப் பிறகு சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

காப்பி கொடுத்தார்கள். சம்பந்தி பட்டு நூல் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார். வந்தது என்று நினைத்தேன்.

'ஏனுங் சம்பந்தி, அன்னைக்குப் பாதியில எழுப்பிவிட்டுட்டாங்களே. அது மேல போனதை நான் பாக்கவே இல்லீங்க. மீதி எப்போ?' என்றார்.

'உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?' என்று கேட்டேன். 'கோவம் இருக்குதுங்க. அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்து, ஒண்ணும் பாக்காம, குடையைப் புடிச்சுட்டுத் திரும்பி வந்தா கோவம் வராதுங்களா' என்கிறார். இத்தனை மாதம் அவர் பேசாமல் இருந்தது அதற்காம். உங்கள் தங்கச்சி இதைக் கேட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவருக்கு அவமானம் இல்லை என்பதால் எனக்கு இல்லை என்றாகிவிடாது. ஆனால் சம்பந்தி வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அந்த ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். பேச மாட்டேன். உங்கள் முகத்தையும் பார்க்க மாட்டேன், கொடியை மட்டும் பார்ப்பேன். அன்றைக்கும் அவரை எழுப்பினீர்கள் என்றால், வளைகாப்புக்குத் தாய்மாமன் வர வேண்டியதில்லை. இதைத் திருத்தாமல் படிக்கச் சொல்லுங்கள்.

விஞ்சுக்கு ஆயில் மாற்றச் சொல்லுங்கள்.

சித்தையன்


மைசூரு
3 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

ஆயில் மாற்றியாயிற்று. செந்தில்நாதன் சார் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். வினிதா இதை எழுதிக்கொண்டே காலால் தாளம் போடுகிறாள், எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

தாய்மாமன் விஷயம் புரிந்தது. காவேரி பிறந்தபோது பாலாற்றுச் செக்போஸ்டில் பஸ் நின்றுபோய், சர்க்கரைப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவன் நான். அவளுக்கு வளையல் போடும்போது நான் அந்தப் பந்தலில் இல்லையென்றால் எனக்கு மைதானம் இருந்தும் ஒன்றுதான், மனை ஆனாலும் ஒன்றுதான். ஆனாலும் சிவப்பு சிவப்புதான் மாப்பிள்ளை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சீக்கிரம் கிளம்புகிற பஸ்ஸைப் பிடியுங்கள்.

சென்னப்பன்


மைசூரு
10 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

நேற்று நீங்கள் பஸ் ஏறின கையோடு எழுதச் சொன்னேன். கிளைடரைத் துடைத்துக் கொட்டகைக்குள் விட வேண்டும் என்று வினிதா போய்விட்டாள். அதனால் இன்று காலை. இதைப் படித்துவிட்டுத்தான் வேறு எதையும் நினைக்க வேண்டும். சம்பந்தி பஸ்ஸில் வாயைத் திறந்திருக்க மாட்டார். நான் மறுபடி அவரை எழுப்பிவிட்டேன் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அப்படி இல்லை. கேளுங்கள்.

நீங்கள் வந்ததும் கொட்டகையிலிருந்து நாற்காலியை நீங்களே எடுத்தீர்கள். என்னைப் பார்க்காமல் என் பக்கமாகவே நடந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு, துண்டால் துடைத்து, சம்பந்தியை உட்கார வைத்துவிட்டு, தன்னந்தனியாக விஞ்சுக்குப் போனீர்கள். நான் கொடி இரண்டையும் உதறிச் சரி பார்த்துக்கொண்டேன்.

வினிதா உள்ளே உட்கார்ந்தாள். மூடியைப் பூட்டினாள். கேபிளை மாட்டினோம். நான் இறக்கையைப் பிடித்து நிமிர்த்தினேன், மேலே பார்த்தேன், பின்னால் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெள்ளையைத் தாழ ஆட்டினேன். புல்லுக்குள் கேபிள் பாம்பு மாதிரி நெளிந்து இறுகுகிறது. இனி தலைக்கு மேல் தூக்க வேண்டியதுதான். அப்போது பின்னால், 'நிறுத்துங்க, நிறுத்துங்க' என்று ஒரு குரல்.

யாரென்று நான் திரும்பவில்லை. சிவப்பு மேலே போய்விட்டது. நீங்கள் அங்கே அதே நொடியில் நிறுத்திவிட்டீர்கள். கேபிள் தளர்ந்து புல்லில் படுத்தது. அந்த ஒரு நொடிக்கே உங்களை ராமாபுரத்திலிருந்து சுமந்து வந்திருக்கலாம்.

கத்தினது சம்பந்தி. நாற்காலியில் இல்லை, எழுந்து நிற்கிறார், குடை கீழே கிடக்கிறது. நான் எழுப்பவில்லை, தானாக எழுந்தார். 'ஒரு புள்ளை குறுக்க ஓடுச்சுங்க, கருப்பா' என்கிறார். கையை நீட்டிக் காட்டுகிறார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். புள்ளையும் இல்லை, ஆடும் இல்லை. மறுபடியும் அது ஓடியது. மேலே சுற்றுகிற பருந்தின் நிழல்.

சம்பந்தி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதிகாரிகளில் ஒருவர் கன்னடத்தில், இதற்காகவா நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சார் நேராகச் சம்பந்தியிடம் போனார். 'சரியாத்தான் செஞ்சீங்க. சந்தேகம் வந்தா நிறுத்தணும். நிச்சயமாகட்டும்னு காத்திருக்கக் கூடாது' என்றார். வினிதா உள்ளிருந்து மூடியைத் திறந்து கும்பிடு போட்டாள். இதை எழுத வெட்கப்படுகிறாள், எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் டீ சம்பந்திக்குப் போனது. அதிகாரிகளுக்கு அப்புறம்தான். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, 'நிழலுக்காக நிறுத்திட்டேனுங்க' என்று என்னிடம் மட்டும் சொன்னார். 'நான் குடைக்காக நிறுத்தினவன் சம்பந்தி' என்றேன். அப்புறம்தான் குடித்தார்.

சார் வாக்கி டாக்கியில் உங்களிடம் 'மறுபடி இழுங்க' என்று மட்டும் சொன்னார், கேபிளை மாட்டினோம். வெள்ளை தாழ, வெள்ளை மேலே. மாப்பிள்ளை, நீங்கள் இழுத்த இழுவை வெண்ணெயில் நூல் ஓடினது மாதிரி. கிளைடர் சில அடி உருண்டதும் என் கையை விட்டு இறக்கை போய்விட்டது. தரையை விட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்கு ஏறியது. உச்சியில் கேபிளைக் கழற்றிவிட்டாள், அது குட்டிப் பாராசூட்டோடு இறங்கி வந்தது. கழற்றினவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பருந்து இருந்த இடத்துக்கே போனாள். பருந்துக்குப் பின்னால் சுற்றினாள். இறங்க வேண்டியவள் ஏறினாள். சத்தமே இல்லை. சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கேள்வி கேட்ட அதிகாரியும் பார்த்தார், தொப்பி பின்னால் விழுந்ததை அவர் எடுக்கவில்லை. கழுத்து வலிக்கிற மட்டும் பார்த்தோம்.

அனுமதி வந்துவிட்டது. நிலத்துக்காரரின் கல் ஆட்கள் திரும்பிப் போகலாம்.

எல்லாம் முடிந்து நீங்கள் விஞ்சைப் பூட்டுவது தெரிந்தது. நான் வெள்ளைக் கொடியை ஒரு தரம் சும்மா ஆட்டினேன். சார் என்ன சிக்னல் அது என்று அதட்டினார். நம் வழக்கத்தில் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. உங்கள் பக்கத்திலிருந்து பதில் தெரியவில்லை. பேசாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். சத்தியம், அதனால் பரவாயில்லை.

தாய்மாமன் வரலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

சென்னப்பன்


ராமாபுரம்
15 பிப்ரவரி 2025

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் எண்ணியது சரிதான். கொள்ளேகால் வரைக்கும் சம்பந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு ஏறினபோதே நினைத்தேன், அதிகாரிகள் முன்னால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் மச்சான் என்று. ஆனால் நான் நினைப்பதற்கு முன்பே கை நிறுத்திவிட்டது. மனசு கேட்காவிட்டாலும் கை உங்கள் கொடியைக் கேட்கிறது. அதற்கு நான் என்ன செய்ய.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே கொள்ளேகால் போய் சம்பந்திக்குப் படித்துக் காட்டினேன். நிழலுக்காக விமானத்தை நிறுத்தினதை நான் கேட்டால் சிரிப்பேன் என்று பயந்து பேசாமல் வந்தாராம். நான் இழுத்துக்கொண்டிருந்த விஞ்சை நிறுத்த வைத்ததால் எனக்கு அவமானம் என்று நினைத்தாராம். அவர் அப்படிச் சொன்னபோது, நான் வேப்பமரத்தடியில் நின்ற அந்த நாள் எனக்கு முன்னால் வந்து நின்றது. 'சம்பந்தி, நிறுத்தினவருக்குத்தான் முதல் டீ' என்றேன். காவேரி உள்ளிருந்து இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள்.

நாளை நானும் அவரும் மலைக்குப் போகிறோம். சத்தியத்தைச் சாமி காலடியில் இறக்கி வைத்துவிட்டு, அங்கிருந்தே போன் செய்கிறேன். எடுங்கள்.

நீங்கள் சும்மா கொடி ஆட்டியதைப் பார்த்தேன். நானும் துண்டை ஆட்டினேன். வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வளைகாப்புக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும். பந்தலில் தாய்மாமனுக்குச் சம்பந்தியே நாற்காலி போடுகிறாராம். நேற்று முற்றத்தில் ஒரு இடத்தில் வைத்தார், திரும்ப எடுத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார், அதையும் எடுத்தார். கடைசியில் கையில் பிடித்துக்கொண்டே, 'வேண்டாமுங்க, உங்க மச்சான் வந்து எடம் காட்டட்டும்' என்று சுவரோரமாகச் சாத்தி வைத்துவிட்டார்.

சித்தையன்